பொரிகடலை மணலும் அணுசக்திச் சட்டமும்

சென்ற மாதம் ஒத்தக்கடையில் என் வீட்டைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் இப்போது அரசு உதவி வழக்கறிஞர்கள். நான் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன அதே வேலை. பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், அணுப்பொருள் கடத்தல் சட்டம் என்று அவர்களுக்கு ஏதோ பயிற்சி வகுப்பு நடக்கிறதாம், பழைய ஆள் ஒருவர் வந்து பேசினால் நன்றாயிருக்குமாம். எண்பதுகளில் மதுரையில் ஒரு 'அணு கேஸ்' நடந்ததாமே, நீங்கள் இருந்தீர்களாமே என்று கேட்டார்கள். இருந்தேன் என்றேன். அதற்கே அவர்கள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எனக்கு எரிச்சலாக வந்தது. மேடை ஏறிப் பேச முழங்கால் ஒத்துழைக்காது, எழுதித் தருகிறேன், நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சொன்ன பாவத்துக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பம். நான் வெயிலில் கிடந்து மாய்ந்தது போதும், நீயாவது நிழலில் உட்கார்ந்து சம்பாதி என்று அப்பா சட்டம் படிக்க அனுப்பினார். நிழல் கிடைத்தது, உட்காரத்தான் கிடைக்கவில்லை. எழுபதுகளின் நடுவில் வேலையில் சேர்ந்தேன். முதல் சில வருடம் குற்றப்பத்திரிகையில் விட்டுப்போனதைத் திருத்துவது, சாட்சியைத் தேடிப் பிடித்துக் கூட்டி வருவது, அவர் வராத அன்று வாய்தா வாங்குவது, இவ்வளவுதான். அதை எழுதினால் எனக்கே கொட்டாவி வரும்.

எங்களுக்கு மேலே இருந்தவர் கோமதிநாயகம். திருநெல்வேலிக்காரர், ஒல்லியான ஆள். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகும். அவர் சத்தமாகப் பேசுகிறார் என்றால் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று அர்த்தம். போலீஸ்காரர், குற்றவாளி, டீ கொண்டுவருகிறவர், யாராக இருந்தாலும் 'அய்யா'தான். ஒரு வழக்குக் கட்டு மேஜைக்கு வந்தால் உடனே வாசிக்க மாட்டார். நாடாவை அவிழ்த்து, தாள்களைத் தட்டி நேராக்கி, தன் கையாலேயே மறுபடி கட்டுவார். அப்புறம் அதை அவிழ்த்துத்தான் வாசிப்பார். ஏன் சார் இப்படி என்று கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. சட்டப் புத்தகத்தைப் பின்னாலிருந்து வாசிப்பார். எந்தச் சட்டமானாலும் முன்பக்கத்தில் எது குற்றம் என்று இருக்கும், கொஞ்சம் தள்ளி எத்தனை வருடம் தண்டனை என்று இருக்கும். கேஸ் பிடித்தவர் அதோடு புத்தகத்தை மூடிவிடுவார். யார் புகார் கொடுக்கலாம், யாருடைய சம்மதம் வாங்க வேண்டும், எந்தக் கோர்ட் விசாரிக்கலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் கடைசியில் கிடக்கும். கோமதிநாயகம் அங்கேதான் தொடங்குவார். உசிலம்பட்டிப் பக்கம் கிணறு வெட்டுகிற ஒருவரைப் பாறைக்கு வைக்கிற தோட்டாவோடு பிடித்து, பெரிய சதிகாரர் போலக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கலெக்டர் சம்மதம் இல்லாமல் வெடிபொருள் சட்டத்தில் விசாரணையே நடத்த முடியாது என்று சொல்லி, கட்டை அப்படியே திருப்பி அனுப்பினார் மனிதர். அவரிடம் வேலை பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

இனி அந்தக் கேஸ்.

எண்பதுகளின் தொடக்கம். தென்கடற்கரையிலிருந்து உப்பு ஏற்றிவந்த ஒரு லாரியை அவனியாபுரத்துக்குத் தெற்கே நிறுத்திச் சோதனை போட்டார்கள். அந்தக் காலத்தில் கடற்கரையிலிருந்து வருகிற வண்டி என்றாலே வெளிநாட்டு வாட்ச், துணி என்று ஒரு சந்தேகம். நாலைந்து மூட்டை மட்டும் அளவுக்கு மீறிக் கனத்தது. பிரித்தால் மேலே ஒரு சாண் உப்பு. கீழே கன்னங்கரேலென்று மணல், வெயிலில் பிடித்தால் இடையிடையே மஞ்சளாக மின்னுகிறது. அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம் அப்போதுதான் சென்னையில் ஒரு பயிற்சி முடித்து வந்திருந்தார். கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது, அது அணு உலைக்குப் போகிற பொருள், வெளிநாட்டுக்காரன் கண் வைத்திருக்கிறான் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

மூட்டைகளுக்குச் சொந்தக்காரர் சீனிச்சாமி. சிம்மக்கல்லில் பொரிகடலைக் கடை. போலீஸ் போய்க் கேட்டபோது மூட்டையில் இருப்பது உப்பு என்றார். பிரித்துக் காட்டியபோதும் உப்புதான் வாங்கினேன் என்றார். யாருக்காக வாங்கினாய் என்றதற்கு வாயே திறக்கவில்லை. மறுநாள் பேப்பரில் 'மதுரையில் அணு மணல் கடத்தல், வியாபாரி கைது' என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர்கூட அன்று அணுவைப் பற்றிப் பேசினார்.

இன்ஸ்பெக்டர் கட்டோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார். அணுசக்திச் சட்டப் புத்தகத்தையும் எங்கிருந்தோ பிடித்துக் கொண்டுவந்திருந்தார். தண்டனைப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்திருந்தார். ஐந்து வருடம்வரை போடலாம், சதி என்று சேர்த்தால் இன்னும் கூடும், பின்னால் பெரிய கூட்டம் இருக்கிறது, ஆள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான், அதுவே சாட்சி என்று மூச்சுவிடாமல் சொன்னார். கோமதிநாயகம் கட்டை அவிழ்த்தார், தட்டினார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார். புத்தகத்தை வாங்கிப் பின்னாலிருந்து புரட்டினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக் கவுன் நுனியில் துடைத்தார்.

"அய்யா, இந்தச் சட்டத்துல புகார் யார் கொடுக்கணும்னு பார்த்தீங்களா? மத்திய அரசு அதிகாரம் கொடுத்த ஆள் எழுத்துமூலமா கொடுக்கணும். நீங்க பிடிக்கலாம். புகார் கொடுக்க முடியாது."

"இது நாட்டுப் பாதுகாப்பு சார்."

"நாட்டைப் பாதுகாக்கத்தான் இந்தப் பக்கத்தையும் அச்சடிச்சிருக்கான்."

குரல் தாழ்ந்துவிட்டது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் தீக்குச்சியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஆனால் புகார் கொடுக்கிற ஆள் டெல்லியிலோ பம்பாயிலோ இருக்கிறார். அவருக்கு எழுதி, அவர் மேலே எழுதி, அங்கிருந்து பதில் வரவேண்டும். அதுவரை சீனிச்சாமி ஜெயிலில். சட்டத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டோம் என்று எங்களுக்குத் திருப்தி, அவருக்குச் சோறு அலுமினியத் தட்டில். அவர் பெண்டாட்டி பேச்சியம்மா வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வராண்டாவில் வந்து நிற்பார். அழவில்லை, காலில் விழவில்லை. "எங்க வீட்டுக்காரரு ஒரு கிறுக்குப் பிடிச்ச மனுசன்யா, கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டாரு, எங்கிட்டயே சொல்ல மாட்டாரு" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். நான் அரசுத் தரப்பு, உங்கள் வக்கீலிடம் பேசுங்கள் என்றேன். அதைத்தான் சொல்ல வேண்டும், அதைத்தான் சொன்னேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே வாய் மரத்துப்போன வேலை இது.

காவல் நீட்டிப்புக்காக அவரைக் கொண்டுவந்த ஒருநாள் மாஜிஸ்திரேட்டுக்கே பொறுமை போய்விட்டது. உப்பு என்று ஏன் பொய் சொன்னாய் என்று நேராகக் கேட்டுவிட்டார். சீனிச்சாமி கூண்டிலிருந்தபடி கோர்ட் ஹாலின் கடைசியைப் பார்த்தார். அங்கே கைகட்டி நின்றவர் முத்தையா. சீனிச்சாமிக்குப் பங்காளி, சிம்மக்கல்லில் நேர் எதிரே பொரிகடலைக் கடை வைத்திருப்பவர். தொழிலில் ஆகாதென்றாலும் ரத்த உறவு விட்டுப்போகுமா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

"அய்யா, அந்தா நிக்கிறாருல்ல, எங்க பங்காளி. அவரு கொஞ்சம் வெளிய போகட்டும், சொல்லிப்புடுறேன்."

இன்ஸ்பெக்டர் பாய்ந்து எழுந்தார். கடத்தல் கூட்டத்தில் ஒருவன் இங்கேயே நிற்கிறான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மாஜிஸ்திரேட் கையமர்த்தி முத்தையாவை வெளியே போகச் சொன்னார். அவர் ஆரஞ்சுப் பையோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு போனார். கதவு சாத்தியது உறுதியானபின் சீனிச்சாமி சொன்னார். பொரி வறுக்க எல்லாரும் வைகை மணலைத்தான் சட்டியில் போடுகிறார்கள், அது சூடு நிற்காது, தூளாகிப் பொரியில் ஒட்டிக்கொள்ளும், கடிக்கிறவனுக்கு நரநரவென்றிருக்கும். கடற்கரைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் கறுப்பு மணலில் கடலை வறுப்பதைப் பார்த்தாராம். கனமான மணல், சல்லடையில் சலித்தால் ஒரு பொட்டு ஒட்டாமல் கீழே இறங்கிவிடும். அன்றிலிருந்து ரகசியமாகத் தருவித்துக்கொள்கிறார். சிம்மக்கல்லில் எந்தப் பொரிகடலைக்காரரும் தன் மணல் எங்கிருந்து வருகிறது என்று வெளியே சொல்வதில்லை, அது அவர்கள் வழக்கம். மூட்டை இறங்குவதை எதிர்க்கடைக்காரர் பார்ப்பார் என்றுதான் மேலே உப்பு.

"இம்புட்டுத்தாங்யா விசயம். தயவுபண்ணி இதப் பேப்பருல போட்டுறாதீக."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரித்தார். ஐந்து வருடம் உள்ளே போகப் பார்த்த மனிதருக்குப் பங்காளி காதில் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை. எனக்கும் சிரிப்பு வந்தது. கோமதிநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, புகார் கொடுக்க வேண்டியவர் இன்னும் கொடுக்கவில்லை, அதனால் ஜாமீனுக்கு அரசுத் தரப்பில் ஆட்சேபம் இல்லை என்றார். இன்ஸ்பெக்டர் அதற்குப் பிறகு எங்கள் ஆபீசுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

சீனிச்சாமி ஜாமீனில் வெளியே வந்து சில வாரம் கழித்துத்தான் பம்பாயிலிருந்து அணுசக்தித் துறை அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். சின்னப் பெட்டி மாதிரி ஒரு கருவி, அதற்கு ஒரு குழாய். கோர்ட்டில் கைப்பற்றிய பொருள்கள் வைக்கிற அறையில் மூட்டை பக்கம் கொண்டுபோனதும் அது டிக்டிக்கென்று அடிக்க ஆரம்பித்தது. அறைக்கு வெளியே கூட்டம். அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இங்கிலீஷும் தமிழுமாக விளக்கினார். அந்தக் கடற்கரை மணலில் இந்தத் தாது இயற்கையாகவே கொஞ்சம் கிடக்கிறது, ஊர் ஊராக மக்கள் அதன்மேல்தான் குடியிருக்கிறார்கள், இவர் அதைப் பிரிக்கவுமில்லை, விற்கவுமில்லை, புகார் கொடுக்கிற அளவுக்கு இதில் ஒன்றும் கிடையாது. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். சாப்பாட்டுப் பொருள் வறுக்க இந்த மணலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன் என்றார். மணலை அரசாங்கமே வைத்துக்கொண்டது. புகார் இல்லை, மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று எழுதிக் கட்டை மூடினோம்.

அதிகாரி முன்னால் சொன்னதெல்லாம் கோர்ட் வாசலைத் தாண்டவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் அன்று சாயங்காலமே சிம்மக்கல் போய்விட்டது. கருவி அடித்ததாம், மணல் அடித்ததாம், அதில் வறுத்த பொரியைத் தின்றால் வயிற்றுக்குள்ளும் அடிக்குமாம். 'அணுப்பொரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கைதானதைக் கொட்டை எழுத்தில் போட்ட பேப்பர், கைவிடப்பட்டதைப் பொடி எழுத்தில்கூடப் போடவில்லை. நான் ஒருநாள் சீனிச்சாமி கடையில் அரைப்படி பொரி வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி பள்ளிக்கூட டீச்சர், படித்தவள். பொட்டலத்தை வாங்கி மோந்து பார்த்தாள். "உங்க சட்டம் ஒண்ணுமில்லைன்னு சொல்லிருச்சு, சரி. அதுக்காகப் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்க்கணுமா?" என்றாள். நான் கோர்ட்டில் வாதாடியே களைத்துப்போனவன், வீட்டில் வாதாடத் தெம்பில்லை.

ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது சீனிச்சாமி எங்கள் ஆபீசுக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அவர்கள் தொழிலில் வருடம் முழுக்க ஓடுவது ஒரு பங்கென்றால், ஆயுத பூஜை வாரம் ஓடுவது மறு பங்கு. பட்டறை, லாரி ஷெட், ஆபீஸ், கடை, எல்லா இடத்திலும் பொரிகடலை வைத்துத்தான் கும்பிடுகிறார்கள். அந்த வாரத்தை விட்டால் கடையை மூடவேண்டியதுதான். கோமதிநாயகம் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"சார், எம்மேல கேசு போடுங்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கேசு போட்டீங்கன்னா ஜட்ஜு அய்யா விசாரிப்பாரு. குத்தமில்லன்னு தீர்ப்புச் சொல்லுவாரு. அதைப் பெருசா எழுதிக் கடையில தொங்க விடுவேன். இப்ப எங்கிட்ட என்ன இருக்கு? பிடிச்சாங்கங்கிறது ஊருக்கே தெரியும். விட்டாங்கங்கிறதுக்கு ஒரு துண்டுப் பேப்பரு இல்ல. பணத்தக் கொடுத்து அமுக்கிட்டான்னு சொல்றாங்க சார்."

கோமதிநாயகம் எழுந்து அலமாரிக்குப் போனார். புத்தகத்தை எடுத்துப் பின்னாலிருந்து புரட்டினார். எனக்குத் தெரியும், அதில் ஒன்றும் கிடையாது. அவருக்கும் தெரியும். புகார் கொடுக்காத கேஸில் தீர்ப்பு இல்லை. எது அந்த மனிதரை ஜெயிலிலிருந்து காப்பாற்றியதோ, அதுவே அவருக்கு விடுதலை என்கிற ஒரு சொல்லையும் கிடைக்கவிடாமல் செய்துவிட்டது. இந்த வேலையில் எனக்கு முதல்முதலாகச் சோர்வு தட்டியது அன்றைக்குத்தான், கேஸ் தோற்ற எந்த நாளிலும் அல்ல.

"அய்யா, அதுக்குச் சட்டத்துல இடமில்ல" என்றார் கோமதிநாயகம். குரல் காதில் விழவேயில்லை.

"பிடிக்க மட்டும் இருந்துச்சாக்கும்" என்றார் சீனிச்சாமி. கோபமாகச் சொல்லவில்லை. விவரம் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

எண்பதுகளின் பிற்பாதியில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்து, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகிற காலமும் வந்தது. பிடிபட்டு, வருடக்கணக்கில் உள்ளே கிடந்து, தீர்ப்பே இல்லாமல் வெளியே வந்தவர்கள் கட்டுகள் எத்தனையோ என் மேஜைக்கு வந்து போயின. அப்போது கோமதிநாயகம் ஓய்வுபெற்றுத் திருநெல்வேலி போய்விட்டிருந்தார். ஒவ்வொரு கட்டிலும் எனக்குச் சீனிச்சாமி முகம்தான் தெரிந்தது. அது கிடக்கட்டும்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபீசுக்கான பொரிகடலையைச் சீனிச்சாமி கடையில்தான் வாங்க வேண்டும் என்று கோமதிநாயகம் சொல்லிவிட்டார். ஒரு மூட்டை. சீனிச்சாமியே தோளில் சுமந்துகொண்டு வந்தார். வைகை மணலில் வறுத்தது என்று கேட்காமலே சொன்னார். கட்டுகள், புத்தகங்கள், டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினோம். வாழை இலையில் பொரியைக் குவித்து, வெல்லமும் கடலையும் கலந்து ஆளுக்கொரு இலைத்துண்டில் வைத்தார்கள். வக்கீல்கள், குமாஸ்தாக்கள், கோர்ட் டியூட்டி போலீஸ்காரர்கள் என்று இருபது பேருக்கு மேல் இருந்தோம். சீனிச்சாமி காலி மூட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். 

கோமதிநாயகம் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார். நானும் தின்றேன். மற்றவர்கள் வெல்லத்தைப் பொறுக்கினார்கள், தேங்காய்ச் சில்லை எடுத்துக்கொண்டார்கள், வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று பொரியைப் பொட்டலம் கட்டினார்கள். ஒருவர் கைதவறிக் கொட்டுகிறவர் போல ஜன்னலுக்கு வெளியே உதறினார். இவர்கள் எல்லாரும் அந்தக் கட்டை வாசித்தவர்கள், அதிகாரி சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவர்கள். சீனிச்சாமி ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நீங்கள்லாம் சட்டம் படிச்சவுக" என்றார். "உங்களுக்கே கை வரல. நான் சிம்மக்கல்லுல யாருகிட்டப் போயி என்னத்தச் சொல்ல? வாரேன் சார்."

கோமதிநாயகம் தலை நிமிராமல் இலையில் இருந்ததை ஒன்றுவிடாமல் தின்று முடித்தார். பிறகு பக்கத்து இலையை இழுத்து, அதையும் தின்னத் தொடங்கினார்.